சுங்குடியின் வெள்ளைப் புள்ளிகளில் சாயம் ஏறிவிட்டது, வழி சொல்லுங்கள்

அக்காக்களே, தோழிகளே, வணக்கம்.

மதுரைச் சுங்குடி, காதில் சின்ன ஜிமிக்கி, கண்ணுக்கு மை, தலையில் ஒரு முழம் மல்லிகை. அலுவலகத்துக்கு என் அலங்காரம் இவ்வளவுதான். இந்த ஊர் வெயிலுக்கு இதைவிட இதமான உடை கிடையாது என்று உறுதியாக நம்புகிறேன்.

என் பிறந்தநாளுக்கு அம்மா ஓர் அரக்கு நிறச் சுங்குடி வாங்கித் தந்தார். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்தது. முடிச்சை அவிழ்த்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கி மேலெழும்பி நிற்கிறது; விரலால் தடவினாலே தெரியும். புள்ளிகளும் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. அச்சடித்த சேலையில் இந்த அழகு வராது.

முதல் முறை துவைக்கும்போது அவசரத்தில் சோப்புத் தூள் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டேன். வாளித் தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் இப்போது இளஞ்சிவப்பு. முந்தானைப் பக்கம் பார்க்கவே மனம் வலிக்கிறது.

உப்புத் தண்ணீரில் அலசியிருக்க வேண்டும் என்று கடையில் இப்போது சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி எலுமிச்சைச் சாறு விடச் சொல்கிறார். பிளீச்சிங் பவுடரைத் தொட எனக்குப் பயம். அரக்கும் சேர்ந்து வெளுத்துவிடும்.

இப்படி ஏறிய சாயத்தை யாராவது எடுத்திருக்கிறீர்களா? சலவைக்குக் கொடுக்கலாமா? சாயம் நிற்கும்வரை கஞ்சி போடாமல் இருப்பது நல்லதா? வரும் வெள்ளிக்கிழமை அம்மா ஊரிலிருந்து வருகிறார். இந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும் என்று ஆசை.