ஒன்டாரியோவில் திருமணம் முறிந்தால்: புதிதாக வந்தவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

கணவர் ஸ்பான்சர் செய்து கனடா வந்த பெண்கள் பலர் கேட்கும் மிரட்டல் இது: "ஒரு போன் போட்டால் போதும், உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்." மனைவி ஸ்பான்சர் செய்து வந்த ஆண்களும் இதைக் கேட்கிறார்கள். இதற்குப் பயந்தே அடியையும் வசவையும் வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் கையில் பிஆர் (நிரந்தர வதிவுரிமை) இருந்தால் இந்த மிரட்டலுக்கு அடிப்படையே இல்லை. 2012இல் வந்த ஒரு விதிப்படி, ஸ்பான்சரில் வந்தவர்களில் ஒரு பகுதியினர் துணையோடு 2 வருடம் சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும் என்று இருந்தது. அதை 2017 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். ஊரில் உள்ள சொந்தக்காரர்கள் இன்னும் பழைய விதியையே சொல்லிக்கொண்டிருப்பார்கள், நம்பாதீர்கள். உண்மையாக நடந்த திருமணம் பின்னால் முறிந்தது என்பதற்காக பிஆர் போகாது. அதுமட்டுமல்ல, ஸ்பான்சர் செய்தவர் கொடுத்த 3 வருட உறுதிமொழி, பிரிந்த பிறகும் அவரைக் கட்டுப்படுத்தும்.

பிஆர் விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருந்தால் கதை வேறு. ஸ்பான்சர் அதை வாபஸ் வாங்க முடியும். ஆனால் வீட்டில் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு 2019 முதல் கட்டணமில்லாத தற்காலிக அனுமதி ஒன்று இருக்கிறது. அதனுடன் வேலை செய்யும் அனுமதியும் மருத்துவக் காப்பும் பெற வழி உண்டு. இந்த நிலையில் இருப்பவர்கள் குடும்ப வழக்கு மட்டும் பார்க்கும் வக்கீலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், குடிவரவு வக்கீலையும் பாருங்கள்.

பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். சட்ட உதவி தரும் அமைப்பான லீகல் எய்ட் ஒன்டாரியோவின் எண் 1-800-668-8258. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். வருமானம் குறைவாக இருந்தால் வக்கீல் செலவை அவர்களே ஏற்பார்கள். வன்முறைக்கு ஆளானவர்களுக்கு 2 மணி நேர இலவச ஆலோசனையும் உண்டு. குடும்ப நீதிமன்றங்களில் டூட்டி கவுன்சல் என்று, வக்கீல் இல்லாமல் வருபவர்களுக்கு அங்கேயே உதவும் வக்கீல்கள் இருப்பார்கள், அங்கேயே தகவல் மையமும் இருக்கும். உடனடி ஆபத்து என்றால் யோசிக்காமல் 911.

அப்புறம், விவாகரத்து. கனடாச் சட்டத்தில் யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, ஒரு வருடம் பிரிந்திருந்தால் போதும். வாடகை கட்டுப்படியாகாமல் ஒரே வீட்டில் தனித்தனியாக வாழ்ந்தாலும் அது பிரிவாகக் கணக்காகும். ஆனால் மனுப்போட உங்களில் ஒருவராவது இந்த மாகாணத்தில் ஒரு வருடம் வசித்திருக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் இங்கேதான் குழம்பிப்போகிறார்கள். ஜீவனாம்சம், பிள்ளைகளுக்கான செலவு, பிள்ளை யாரிடம் இருப்பது ஆகியவற்றுக்கு அந்த ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை.

நீங்கள் இருவரும் வாழும் சொந்த வீடு உங்கள் துணையின் பெயரில் மட்டும் இருந்தாலும் சட்டப்படி திருமணமானவருக்கு அதில் குடியிருக்கும் உரிமை சமமாக உண்டு. உங்கள் சம்மதம் இல்லாமல் அதை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. "என் வீடு, வெளியே போ" என்றதும் பெட்டியைக் கட்டாதீர்கள். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் இது பொருந்தாது. அப்போது பிள்ளைகளோடு வெளியேறி, உடனே வக்கீலிடம் சொல்லுங்கள்.

கோபத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போவதுதான் எனக்கு அதிகம் பயம் தரும் விஷயம். வேறு நாட்டுக்குக் கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்ப நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம்தான் குழந்தைக் கடத்தல் பற்றிய ஹேக் உடன்படிக்கை; அதில் இலங்கை இருக்கிறது, இந்தியா இல்லை. மற்றவர் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் போனால், இங்கே கடத்தல் வழக்காகவே மாறலாம். உங்கள் துணை அப்படிச் செய்வார் என்று சந்தேகம் இருந்தால், பிள்ளையின் பாஸ்போர்ட் பற்றி வக்கீலிடம் முதல் நாளே பேசுங்கள்.

இந்தியாவில் இந்து முறைப்படி திருமணம் செய்தவர்களுக்கு இன்னொன்று. ஒருவர் கலந்துகொள்ளாமல் மற்றவர் மட்டும் இங்கே வாங்கிய விவாகரத்தை அங்குள்ள நீதிமன்றம் ஏற்காமல் போகலாம். 1991இல் நரசிம்ம ராவ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. இருவரும் மனமொப்பி, வழக்கில் நேரடியாகப் பங்கெடுத்தால் பின்னால் சிக்கல் குறைவு. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ குடும்பநல நீதிமன்ற நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடாதீர்கள். நீங்கள் ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரலாம்.

கடைசியாக, ஒரே வக்கீல் இருவருக்கும் பிரிவு ஒப்பந்தப் பேப்பர் எழுதித் தருகிறார் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்கென்று தனி வக்கீல் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். மொழிபெயர்க்க மாமியாரையோ கணவரின் நண்பரையோ கூட்டிப் போகாதீர்கள். தமிழர் அதிகம் வாழும் ஸ்கார்பரோவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் தமிழ் வக்கீலாக இருந்தாலும் நீங்கள் சொன்னதை உங்கள் அனுமதியில்லாமல் வெளியே சொல்ல அவருக்குச் சட்டப்படி உரிமை இல்லை, உங்கள் பெற்றோரிடம்கூட.