ஏர் இன்டேக் மாற்றியபின் காலையில் ஆர்பிஎம் ஊசலாடுது, எமிஷன் டெஸ்ட்டில் தேறுமா?

நாலுசிலிண்டர்:

2.0 லிட்டர், டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின், மாஃப் சென்சார் (உள்ளே போற காற்றை அளக்கிறது) உள்ள வண்டி. கம்பெனி ஏர்பாக்ஸைக் கழற்றிட்டு அலுமினியக் குழாயும் எண்ணெய் தடவின கூம்பு ஃபில்டரும் உள்ள கிட் மாட்டியிருக்கு. மாஃப் சென்சாரைப் பழைய கூட்டிலிருந்து எடுத்துப் புதுக் குழாயில் திருகியாச்சு. வால்வ் கவரிலிருந்து வர்ற ப்ரீதர் ஹோஸை (இன்ஜின் உள்பக்கத்துக்குக் காற்று போய்வர்ற ஹோஸ்) மாட்ட குழாயில் இடமே இல்லை. பதிலுக்கு ஒரு குட்டி ஃபில்டர் கொடுத்து, அதை வால்வ் கவர் முனையில் செருகச் சொல்றாங்க. அப்படியே செருகியிருக்கு.

காலையில் ஸ்டார்ட் பண்ணினா முதல் இரண்டு மூன்று நிமிஷம் ஆர்பிஎம் 900-க்கும் 1,300-க்கும் நடுவே ஊசலாடுது. கிளட்ச் விடும்போது ஒரு விக்கல். சூடானபின் ஒரு குறையும் இல்லை. ஸ்கேனரில் பி0171 (கலவையில் பெட்ரோல் குறைவுன்னு சொல்ற கோட்) பெண்டிங். டெம்பரேச்சர் முள்ளும் முன்னைவிட மெதுவா ஏறுற மாதிரி இருக்கு. குளிர்ந்த காற்று போறதால இன்ஜின் சூடாகத் தாமதமாகுதா? அடுத்த மாதம் எமிஷன் டெஸ்ட் இருக்கு.

லாம்டாஒன்று:

சூடாகும் வேகத்தை முதலில் தள்ளி வைங்க. கூலன்ட்டைச் சூடாக்குறது எரியுற பெட்ரோல், அதைப் பிடிச்சு வைக்கிறது தெர்மோஸ்டாட். உள்ளே போற காற்று பத்து டிகிரி குளிர்ந்ததால அதில் கண்ணுக்குத் தெரியுற வித்தியாசம் வராது. முள்ளை நம்பாதீங்க, ஸ்கேனரில் கூலன்ட் டெம்பரேச்சரைப் பாருங்க. சுமார் 80 டிகிரி வரும்வரை ரேடியேட்டர் மேல் ஹோஸ் ஆறியே இருக்கணும். அதுக்கு முன்னாடியே ஹோஸ் வெதுவெதுப்பானா தெர்மோஸ்டாட் மூடலைன்னு அர்த்தம். அது தனிக் கோளாறு, அதோட கோட் பி0128.

உங்க விக்கலுக்குக் காரணம் குழாயோட விட்டம். மாஃப் சென்சார் மொத்தக் காற்றையும் அளக்கிறதில்லை. அதோட கம்பிமேல் படுற காற்றோட வேகத்தை வெச்சு, 'இந்த விட்டமுள்ள கூட்டில் இந்த வேகம்னா இத்தனை கிராம்'னு ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஒரு அட்டவணையில் பார்த்துக்குது. பழைய கூடு 70 மி.மீ., புதுக் குழாய் 76 மி.மீ.ன்னு வைங்க. பரப்பு ஏறக்குறைய 18 சதவீதம் கூடுது. அதே காற்று அகலமான வழியில் மெதுவாப் போகும், சென்சார் நிஜத்தில் 85 சதவீதம்தான் சொல்லும், பெட்ரோலும் அவ்வளவுதான் விழும்.

சூடானபின் ஆக்ஸிஜன் சென்சார் இதைக் கண்டுபிடிச்சு ஃப்யூல் ட்ரிம் (பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற சதவீதத் திருத்தம்) மூலமா ஈடுகட்டிடும். அதனாலதான் அப்போ குறை தெரியலை. ஸ்டார்ட் ஆன உடனே அந்தச் சென்சார் வேலைக்கு வந்திருக்காது. ஈசியூ பெரும்பாலும் மாஃப் சொல்றதையே நம்பும். குளிருக்காகக் கூடுதலா விடுற பெட்ரோலை இந்தப் பிழை தின்னுடுது.

அதே நேரத்தில்தான் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (புகையைச் சுத்தம் பண்ற பாகம்) சூடாக்க ஈசியூ ஐடிலை ஏற்றி, இக்னிஷனைத் தாமதப்படுத்தி, சூடான புகையை வெளியே தள்ளுது. கன்வெர்ட்டர் 250 முதல் 300 டிகிரி வந்தாதான் வேலை செய்யும். தாமத இக்னிஷனோட மெலிஞ்ச கலவையும் சேர்ந்தா சிலிண்டர் ஒழுங்கா எரியாது, ஆர்பிஎம் விழும். ஈசியூ இக்னிஷனை முன்னுக்கு இழுத்து அதைத் தூக்கும், கன்வெர்ட்டருக்குப் போக வேண்டிய சூடு குறையும். இது தொடர்ந்தா பி050ஏ, பி050பி (குளிர் ஸ்டார்ட்டில் ஐடில், இக்னிஷன் கோளாறுக்கான கோட்கள்) வரலாம். முதல் ஓரிரு நிமிஷம்தான் ஹைட்ரோகார்பன் (எரியாத பெட்ரோல்) அதிகமா வெளியேறுற நேரம், அதை மறக்காதீங்க.

வண்டி நல்லா சூடானபின் ஐடிலிலும் 2,500 ஆர்பிஎம்-லயும் ஷார்ட் டேர்ம் (அந்த நேரத் திருத்தம்), லாங் டேர்ம் (நினைவில் நிக்கிற திருத்தம்) ட்ரிம் இரண்டையும் கூட்டிப் போடுங்க. ரெண்டு குழாயோட உள்விட்டத்தையும் வெர்னியரில் அளந்து சொல்லுங்க.

சோக்குகம்பி:

மேலே சொன்னது மாஃப் உள்ள இன்ஜக்‌ஷன் வண்டிக்குச் சரி. கார்புரேட்டர் வண்டியில் குளிர்ந்த காற்று நிஜமாவே பிரச்சினை. பழைய ஏர் கிளீனர் மூக்கில் ஒரு மடல் இருக்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது அது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேலிருக்கிற தகட்டு உறையிலிருந்து சூடான காற்றை இழுக்கும். திறந்த ஃபில்டர் போட்டா அந்த வழி போச்சு. ஈரமான குளிரில் வென்சுரியில் (கார்புரேட்டரோட குறுகலான வழி) பனி கட்டும். பெட்ரோல் சரியா ஆவியாகாம இன்டேக் சுவரில் வழியும், சோக்கை அதிக நேரம் இழுத்து வைக்க வேண்டிவரும்.

மேப் சென்சார் (இன்டேக் அழுத்தத்தை அளக்கிறது) மட்டும் உள்ள வண்டிகளுக்குக் குழாய் விட்டம் தொந்தரவில்லை, காற்று வெப்ப சென்சார் இருக்கும் இடம்தான் தொந்தரவு. அதைச் சூடான உலோகக் குழாயில் மாட்டி, 20 டிகிரி காற்றை 30-ன்னு காட்டினா, காற்று மூணு சதவீதம் குறைவுன்னு ஈசியூ கணக்குப் போட்டுப் பெட்ரோலைக் குறைக்கும்.

நாலுசிலிண்டர்:

அளந்தாச்சு. பழைய கூடு 70, புதுசு 76, உதாரணத்துக்கு நீங்க சொன்ன அளவே வந்திருக்கு. ட்ரிம் மொத்தம் ஐடிலில் +24, 2,500-ல் +17.

லாம்டாஒன்று:

அப்போ ரெண்டு கோளாறு. விட்டத்தால வர்ற பிழை எந்த ஆர்பிஎம்-லயும் ஏறக்குறைய ஒரே சதவீதம், அந்த 17 அதுதான். ஐடிலில் கூடுதலா நிக்கிற 7, மாஃபைத் தாண்டி உள்ளே வர்ற காற்று. அந்தக் குட்டி ஃபில்டர்தான் வழி. பிசிவி வால்வ் (கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்கு அனுப்புறது) கிராங்க்கேஸிலிருந்து உறிஞ்சும்போது அதுக்கு ஈடான காற்று அந்த ஃபில்டர் வழியா, அளக்கப்படாமலே வருது. காற்று நிறையப் போற 2,500-ல் அந்த ஒழுகல் சின்னதாத் தெரியும். முதலில் அதைச் சரிபண்ணுங்க: மாஃபுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் குழாயில் ஒரு முனை வெச்சு ப்ரீதர் ஹோஸை அதில் மாட்டணும். மாஃபுக்கு முன்னாடி மாட்டினா எண்ணெய் ஆவி கம்பிமேல் படியும்.

விட்டப் பிழைக்கு மாஃப் இருக்கும் இடத்திலாவது உள்விட்டம் 70 மி.மீ. உள்ள குழாய் வேணும், இல்லைன்னா ட்யூனிங்கில் மாஃப் அட்டவணையை மாத்தணும். டெஸ்ட் இருக்கும்போது ட்யூனிங் பக்கம் போகாம இருக்கிறதே மேல். வளைவு முடிஞ்ச உடனே சென்சார் இருந்தா விட்டம் சரியா இருந்தும் அளவு குதிக்கும். கம்பெனிக் கூட்டில் தேன்கூடு மாதிரி வலை இருந்தா அதுவும் வேணும்.

எண்ணெய் ஃபில்டரைக் கழுவினா ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, கொஞ்சமா எண்ணெய் விடுங்க. கம்பியில் எண்ணெய் ஏறினா மாஃப் கிளீனர் ஸ்ப்ரே மட்டும். பஞ்சு, துணி, கார்ப் கிளீனர் எதுவும் கூடாது.

டெயில்பைப்:

புகையை விட்டுட்டு டெஸ்ட்டைப் பற்றிச் சொல்றேன். சூடான இன்ஜினில் குழாய்முனையில் அளந்தா இந்த வண்டி பாஸ் ஆகலாம். ட்ரிம் எல்லாத்தையும் மறைச்சுடும். மாட்டிக்கிறது பார்வைச் சோதனையிலும் ஓபிடி (வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற) சோதனையிலும். கலிஃபோர்னியாவில் இன்டேக் கிட்டுக்கு அங்குள்ள காற்றுவள வாரியத்தோட ஈஓ எண் (அனுமதி எண்) இருக்கணும், அந்த எண்ணில் உங்க மாடல், வருடம், இன்ஜின் குறிப்பிட்டிருக்கணும். கிட் பெட்டியில் வர்ற ஸ்டிக்கரை பானட்டுக்கு உள்ளே ஒட்டுறது அதுக்குத்தான். ஒரு வருட மாடலுக்கு வாங்கின எண் அடுத்த வருட மாடலுக்குத் தானா செல்லாது. பார்வைச் சோதனை இருக்கிற ஊரில் திறந்த ப்ரீதர் ஃபில்டர் தேறுறது கஷ்டம், பிசிவி எமிஷன் பாகம்.

இன்னொண்ணு, சில வண்டிகளில் ஏர்பாக்ஸ் மூடிக்குள்ளே கார்பன் தகடு இருக்கும். இன்ஜினை அணைச்சபின் இன்டேக்கில் மிச்சமிருக்கிற பெட்ரோல் ஆவியைப் பிடிக்கத்தான் அது. கிட் போட்டா அதுவும் போயிடும், எந்த கோடும் வராது. கம்பெனி பெட்டிக்குள்ளேயே பொருந்துற மாற்று ஃபில்டருக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது.

பி0171-ஐ அழிச்சுட்டு நேரா டெஸ்ட்டுக்குப் போகாதீங்க. கோடை அழிச்சாலும் பேட்டரியைக் கழற்றினாலும் ரெடினஸ் மானிட்டர் (ஈசியூ தானே செய்யுற பாகச் சோதனைகள்) எல்லாம் 'முடியவில்லை'ன்னு ஆயிடும். கலிஃபோர்னியாவில் 2000, அதுக்குப் பிந்தைய மாடல் பெட்ரோல் வண்டிக்கு ஈவாப் (பெட்ரோல் ஆவிச் சோதனை) தவிர எல்லாம் முடிஞ்சிருக்கணும். லாங் டேர்ம் ட்ரிம்மும் பூஜ்யமாகிடும், அடுத்த குளிர் ஸ்டார்ட் இன்னும் மோசமா இருக்கும்.

நாலுசிலிண்டர்:

கிட் பெட்டியில் ஸ்டிக்கர் எதுவும் இல்லை. கம்பெனி ஏர்பாக்ஸையே திரும்ப மாட்டப் போறேன். மாட்டினபின் ட்ரிம் தானா இறங்குமா, அழிக்கணுமா?

லாம்டாஒன்று:

தானா இறங்கும், அழிக்க வேண்டாம். முதல் ஸ்டார்ட்டில் பழைய +17 நினைவில் இருக்கிறதால கொஞ்சம் ரிச்சா (பெட்ரோல் அதிகமா) ஓடும், கறுப்புப் புகை வந்தா பயப்படாதீங்க. முழுசா சூடாக்கி, ஐடில், சீரான வேகம் ரெண்டிலும் ஓட்டுங்க. மாஃப் ஐடிலில் நொடிக்கு 2 முதல் 3 கிராம், மொத்த ட்ரிம் ±5-க்குள்ளே நின்னா சரி. ஏர்பாக்ஸ் மூடியோட கிளிப் எல்லாம் விழுந்திருக்கான்னு விரலால அழுத்திப் பாருங்க. திரும்ப மாட்டும்போது ஒரு கிளிப் விட்டுப்போறது சகஜம், வடிகட்டாத தூசி நேரா மாஃப் கம்பியில் போய் உட்காரும்.