ஹனுக்காவுக்குக் கைத்தட ஓவியம்: உங்கள் வீட்டில் எப்படி வந்தது?

ரெஹோவோத், இஸ்ரேல்

என் கணவருக்கு வைஸ்மன் நிலையத்தில் ஆராய்ச்சி வேலை. சின்னவன் போகும் பாலர் பள்ளியில் ஹனுக்காவுக்கு, அதாவது யூதர்களின் எட்டு நாள் விளக்குத் திருவிழாவுக்கு, அம்மா அப்பாக்களையும் வரச்சொல்லி, குட்டி நாற்காலியில் உட்காரவைத்து, பெயிண்டை முன்னால் வைத்துவிட்டார்கள். தூரிகை பிடிக்கத் தெரியாத வயசுக்கு இதைவிட லேசான ஓவியம் கிடைக்காது.

ஹனுக்கியா விளக்கில் ஒன்பது சுடர். எட்டு இரவுக்கு எட்டு, அவற்றை ஏற்றித்தர ஷமாஷ் என்று ஒன்று. இரண்டு கைகளையும், கட்டைவிரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி, பதித்தால் போதும். நடுவில் ஷமாஷ், பக்கத்துக்கு நாலு விரல். கணக்கு தானாக வந்துவிடும். வண்ணம் தீட்டும் தாள்கள் சிலவற்றில் ஏழு கிளைதான் இருக்கும். அது பழைய ஜெருசலேம் ஆலயத்து மெனோரா விளக்கு, இஸ்ரேல் அரசுச் சின்னத்தில் இருப்பது. ஹனுக்காவுக்குச் சரிப்படாது.

அங்கே தந்தது குவாஷ் என்ற, தண்ணீரில் கரையும் பெயிண்ட். கையை அதில் முக்கக் கூடாது. அகலத் தூரிகையால் உள்ளங்கையில் மெலிதாகத் தடவ வேண்டும். முக்கினால் விரலிடுக்கில் தேங்கி, தடம் வாத்துக்கால் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒரு கையைப் பதித்துத் துடைத்துவிட்டு, அப்புறம்தான் மற்றது. இரண்டுக்கும் சேர்த்துப் பூசினால் ஒரு கை நேராகத் தலைமுடிக்குப் போகும்! தாளுக்கு அடியில் துண்டை மடித்துப் போட்டால் உள்ளங்கைக் குழியும் பதியும். காய்ந்தபின் தண்டும் பீடமும் நாம் வரைந்து கொடுக்கலாம். அக்ரிலிக் மட்டும் வேண்டாம், துணியில் காய்ந்தால் போகவே போகாது.

எனக்குப் பிடித்தது சுடர் வைக்கும் விதம்தான். ஒன்பதையும் அன்றைக்கே வைக்க விடவில்லை. படத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, தினமும் சாயங்காலம் விரலால் ஒரு மஞ்சள் பொட்டு வைக்கச் சொன்னார்கள். முதல் நாள் ஷமாஷுக்கும் வலது கைச் சுண்டுவிரலுக்கும், மறுநாள் மோதிரவிரலுக்கு, இப்படியே நகர்ந்து எட்டாம் நாள் இடது சுண்டுவிரல். நிஜ விளக்கிலும் மெழுகுவத்தி நிறுத்துவது வலமிருந்து இடமாகத்தான். ஏற்றும்போது மட்டும் அன்றைக்குப் புதிதாக வைத்ததில் தொடங்குவார்கள்.

மேல்வீட்டில் ஆசாரமான யூதக் குடும்பம். அந்தப் பெண்குழந்தை வெள்ளிக்கிழமைப் பொட்டைப் பகலிலேயே வைத்துவிட்டாள். வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இருட்டும்வரை அவர்களுக்கு சப்பாத் என்ற ஓய்வுநாள், அதில் வண்ணம் தீட்டக் கூடாதாம். ஹனுக்கா விளக்கையும் அன்று சூரியன் மறையும் முன்பே, சப்பாத் விளக்குக்கு முந்தி, ஏற்றிவிடுகிறார்கள். சனிக்கிழமைப் பொட்டு இருட்டிய பிறகு. குளிர்காலம் என்பதால் அதற்காகப் பிள்ளை ரொம்ப நேரம் விழித்திருக்க வேண்டியதில்லை.

* * *

எடிசன், நியூ ஜெர்சி

அக்கா, என் மகளுக்குக் கையில் பெயிண்ட் பட்டாலே அழுகை வந்துவிடும். அதனால் பென்சிலால் கையைச் சுற்றி வரைந்து, காது குடையும் பஞ்சுக்குச்சியால் உள்ளே புள்ளி புள்ளியாக நீலம் வைக்கச் சொன்னேன். நேரம் பிடிக்கும், ஆனால் ஒரு சொட்டு சிந்தாது.

பக்கத்து வீட்டு யூதப் பாட்டி பார்த்துவிட்டு, “எட்டுச் சுடரும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், ஷமாஷ் தனியாகத் தெரிய வேண்டும்” என்றார். விரல்கள் ஒரே உயரமா இருக்கின்றன? படத்துக்கெல்லாம் அந்த விதி கிடையாதுதான், பாட்டி விடவில்லை. சரி என்று விரல்களுக்கு மேலே ஸ்கேலால் ஒரு கோடு போட்டு அதில் எட்டுப் பொட்டு, நடுவில் கொஞ்சம் உயரத்தில் ஒன்று. பார்க்க இதுவே நன்றாக இருந்தது.

அவர் கொடுத்த மெழுகுவத்திப் பெட்டியில் 44 இருந்தன. முதல் நாள் இரண்டு, அடுத்த நாள் மூன்று, எட்டாம் நாள் ஒன்பது என்று ஒவ்வொரு இரவும் புதிதாக வைப்பதால் கூட்டினால் அவ்வளவு வரும். பெரியவளுக்கு அன்றைய கணக்குப் பாடம் அதிலேயே முடிந்தது.

* * *

கோல்டர்ஸ் கிரீன், லண்டன்

நாங்கள் செய்தது ரோஷ் ஹஷானாவுக்கு, அதாவது யூதர்களுடைய புத்தாண்டுக்கு. செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும். அன்றைக்கு ஆப்பிளைத் தேனில் தொட்டுச் சாப்பிடுவார்கள் என்பதால் ஆப்பிள் அச்சு. காம்பிலிருந்து நெடுக்காக வெட்டி, வெட்டிய முகத்தைக் கிச்சன் பேப்பரால் ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் பெயிண்ட் பிடிக்காது, வழுக்கும். பின்பக்கம் ஒரு முள்கரண்டியைக் குத்திவிட்டால் பிள்ளைக்குக் கைப்பிடி.

குறுக்காக வெட்டினால் விதை அறைகள் நட்சத்திரமாகப் பதியும். நான் அதைப் பெருமையாகக் காட்ட, எதிர்வீட்டு யூதப் பையன் எண்ணிப் பார்த்து, “ஆன்ட்டி, இதில் ஐந்துதான். எங்கள் நட்சத்திரத்துக்கு ஆறு முனை” என்றான். ஆறாவது முனையைத் தூரிகையால் அவனே சேர்த்துக்கொண்டான்.

அடுத்து, வேஷம் போட்டுக் கொண்டாடும் பூரிம் பண்டிகை வருகிறது. காகிதத் தட்டில் முகமூடி செய்தால் எந்தப் பெயிண்ட் உதிராமல் நிற்கும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.