கப்பலில் இறங்கும்போதெல்லாம் ஹார்னெட்டின் வலது சக்கரக்கால் உடைகிறது

மூன்று வாரமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். விமான சிமுலேட்டரில் நான் ஓட்டுவது எஃப்/ஏ-18சி ஹார்னெட் போர்விமானம், இறங்குவது நிமிட்ஸ் வகை விமானந்தாங்கிக் கப்பலில். நேற்று மட்டும் 20 முறை முயன்றேன். 11 முறை வலது சக்கரக்கால் உடைந்தது, 4 முறை கப்பலின் பின்விளிம்பிலேயே மோதினேன். மிச்சத்தில், விமானத்தைப் பிடித்து நிறுத்தும் தளக் கம்பி வால் கொக்கியில் சிக்கவில்லை. தரை ஓடுபாதையில் இந்தத் தொல்லையே இல்லை.

பகல், தெளிந்த வானம். 800 அடியில் கப்பலைத் தாண்டி இடப்பக்கம் திரும்பி, 600 அடிக்கு இறங்கி, சக்கரம், கொக்கி, முழு ஃபிளாப் எல்லாம் போட்டு, தாக்குகோணம் (எதிர்க்காற்றுக்கும் இறக்கைக்கும் இடையிலான கோணம்) 8.1 டிகிரியில் நிற்கும்படி ட்ரிம் செய்கிறேன். இதுவரை சரி. கடைசித் திருப்பம் முடிந்ததும் விளக்குப் பந்து (சரியான உயரப் பாதையில் வருகிறேனா என்று காட்டும் கப்பல் விளக்கு) நடுவில்தான் இருக்கிறது. கடைசி 3 விநாடியில் சட்டென்று கீழே போய்விடுகிறது. கூடவே தளமும் வலப்பக்கம் நகர, அதைத் துரத்தி இறக்கையைச் சாய்த்துவிடுகிறேன். (இறங்குதளம் கப்பலின் அச்சிலிருந்து சுமார் 9 டிகிரி இடப்பக்கம் திரும்பியிருப்பதால் அப்படித்தான் நகரும். தெரிந்து என்ன பயன்!)

எரிபொருளைக் குறைத்து எடையை 33,000 பவுண்டுக்குக் கீழே கொண்டுவந்தேன். தளத்தின்மேல் எதிர்க்காற்று 25 நாட். ஜாய்ஸ்டிக் வளைவையும் (கை அசைவுக்கு விமானம் எவ்வளவு அசைய வேண்டும் என்ற அமைப்பு) மாற்றிப் பார்த்துவிட்டேன். எஞ்சின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் தானியங்கி திராட்டில் போட்டால் கால் உடைவதில்லை, ஆனால் கையால் கற்கத்தான் ஆசை.

பந்து கீழே போகாமலிருக்க, அந்தக் கடைசி 3 விநாடியில் திராட்டிலை நீங்கள் எப்படிக் கையாள்கிறீர்கள்?