முதல் இம்பீரியல் நைட்: முழுசாக ஒட்டிவிட்டுப் பெயிண்ட் அடிப்பதா, பிரித்து வைத்தே அடிப்பதா?

மஞ்சள்கவசம்:
எல்லோருக்கும் வணக்கம். நாலு வருடமாக வார்ஹாமர் 40,000 என்கிற மேசைப் போர் விளையாட்டை ஆடுகிறேன், இதுவரை பெயிண்ட் அடித்த பொம்மைகள் பெரும்பாலும் ஸ்பேஸ் மரீன் என்கிற கவச வீரர்கள்தான். போன வருடம் இம்பீரியல் நைட் என்கிற ராட்சதப் போர் எந்திரங்களில் சின்ன வகையான ஆர்மிஜர் இரண்டு அடித்தேன், அதில் ஒரு பெரிய தப்பு நடந்தது. எல்லாவற்றையும் ஒட்டி முடித்த பிறகு பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தேன், தோள் கவசத்துக்குப் பின்னால் இருக்கிற குழாய்களுக்குத் தூரிகை போகவே இல்லை. இன்றைக்கும் அந்த இடம் வெறும் கறுப்பாகத்தான் இருக்கிறது, மேசையில் வைக்கும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகிறது.

இப்போது பெரிய நைட் ஒன்று வாங்கிவிட்டேன், 170 மி.மீ. ஓவல் பேஸில் (அடித்தட்டில்) நிற்கிற, நாமே ஒட்டிச் சேர்க்கிற கிட். ஹவுஸ் ஹாக்‌ஷ்ரவுட் மஞ்சளில் அடிக்க ஆசை. கூட நின்று போரிட்டவர்கள் கூப்பிட்டால் எங்கிருந்தாலும் ஓடி வருகிற குடும்பம் என்று கதையில் வருவதால் எனக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும். என்னிடம் ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்ட் தெளிக்கிற கருவி) இல்லை. கேள்விகள் மூன்று: எதை ஒட்டலாம், எதைத் தனியாக வைக்க வேண்டும்? இவ்வளவு பெரிய தட்டையான கவசத்தில் மஞ்சள் திட்டுத்திட்டாக வராமல் தூரிகையால் அடிக்க முடியுமா? ஆயுதங்களைக் காந்தம் வைத்து மாற்றுகிற மாதிரி செய்வது அந்த உழைப்புக்குத் தகுமா? இங்கிலாந்தில் இருக்கிறேன், கராஜ் இப்போது கடுங்குளிர், அதையும் கணக்கில் எடுத்துச் சொல்லுங்கள்.

பழையதூரிகை:
நல்ல தேர்வு நண்பரே. நைட்டை ஒரே பொம்மையாகப் பார்க்காதீர்கள். உள்ளே ஓர் உலோக எலும்புக்கூடு, மேலே அது போட்டிருக்கிற சட்டை, அவ்வளவுதான். எலும்புக்கூட்டை முழுக்க ஒட்டுங்கள்: கால்கள், இடுப்பு, உடல், கைகளின் உள் எந்திரம். கவசத் துண்டுகளை, அதாவது முதுகு ஓடு, இரண்டு தோள், கெண்டைக்கால் தட்டுகள், முகமூடி, இவற்றைத் தனியாக வையுங்கள். ஸ்ப்ரூவிலிருந்து, அதாவது துண்டுகள் கோத்து வருகிற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி, வெட்டின தழும்பையும் அச்சுக்கோட்டையும் கத்தியின் முதுகால் சுரண்டிவிட்டு, பழைய பெயிண்ட் டப்பாக்களின் மேல் ப்ளூ டேக் (களிமண் மாதிரி ஒட்டி எடுக்கிற பசை) வைத்து நிறுத்திக்கொள்ளுங்கள். ஒட்டுகிற இடம் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். பிளாஸ்டிக் பசை பாலிஸ்டைரீனைக் கரைத்துத்தான் பிடிக்கிறது, நடுவில் பெயிண்ட் இருந்தால் பிடிக்காது. அப்படி பெயிண்ட் பட்டுவிட்டால் அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள், இல்லையென்றால் சூப்பர் க்ளூ.

எலும்புக்கூட்டுக்கு லெட்பெல்ச்சர் என்கிற உலோக நிற ஸ்ப்ரே, காய்ந்ததும் நுல்ன் ஆயில் வாஷ் (பள்ளங்களில் தங்கி நிழல் தருகிற நீர்த்த கறுப்பு), அப்புறம் வெளிர் வெள்ளியில் உலர் தூரிகை, அதாவது பெயிண்டைத் துடைத்தெடுத்த தூரிகையால் மேடுகளில் மட்டும் தேய்ப்பது. ஒரே நாள் மாலையில் முடிந்துவிடும். பிஸ்டன் தண்டுகளை மட்டும் பளிச்சென்ற வெள்ளியில் தனியாக எடுத்துக் காட்டுங்கள், ஏறி இறங்குகிற பாகத்தில் அழுக்கு தங்காது என்பதால் பார்க்கிறவர்களுக்கு அது வேலை செய்கிற எந்திரம் மாதிரி தெரியும்.

கராஜ் குளிர் முக்கியமான விஷயம். ஸ்ப்ரே டப்பாவையும் பொம்மையையும் ஒரு மணி நேரம் வீட்டுக்குள் வைத்து வெதுவெதுப்பானதும் வெளியே கொண்டு போய், இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, அரை முழத்தைவிடக் கொஞ்சம் அதிக தூரத்திலிருந்து சின்னச் சின்ன வீச்சாக அடித்துவிட்டு உடனே உள்ளே எடுத்து வாருங்கள். மழை நாளில் அடிக்கவே வேண்டாம், மணல் ஒட்டின மாதிரி சொரசொரவென்று ஆகிவிடும்.

ஈரத்தட்டு:
மஞ்சளைப் பற்றி நான் சொல்கிறேன், மூன்று நைட்டை அந்த நிறத்தில்தான் அடித்தேன். கறுப்பு பிரைமர் மேல் மஞ்சள் அடித்தால் பத்து பூச்சு ஆனாலும் பச்சையாகத்தான் தெரியும். கவசத் துண்டுகளுக்கு வெள்ளை பிரைமர், அதன் மேல் மெல்லிய இளஞ்சிவப்பு ஒரு பூச்சு, அப்புறம்தான் மஞ்சள். இளஞ்சிவப்பு என்றதும் எல்லோரும் தயங்குவார்கள், ஆனால் மஞ்சளுக்குச் சூடு கொடுப்பது அதுதான், பள்ளங்களில் அது லேசாக எட்டிப் பார்க்கும்போது நிழல் தானாக ஆரஞ்சாக விழுகிறது.

தூரிகை அகலமானதாக, மென்மையானதாக இருக்கட்டும். பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, கவசத் தட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் நிறுத்தாமல் இழுங்கள், பாதி காய்ந்த இடத்துக்குத் திரும்பிப் போகவே கூடாது. திட்டு விழுவது பெரும்பாலும் அப்படித்தான். நாலைந்து பூச்சு ஆகும், ஒவ்வொன்றும் முழுதாகக் காய வேண்டும்.

டிரான்ஸ்ஃபர், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற சின்னப் படம், ஒட்டுவதற்கு முன் பளபள வார்னிஷ் கட்டாயம். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று மாட்டிக்கொண்டு விளிம்பெல்லாம் வெள்ளியாக மின்னும். தோள் வளைவாக இருப்பதால் படத்துக்குக் கீழே மைக்ரோ செட், மேலே மைக்ரோ சோல், இரண்டும் படத்தை வளைவில் படிய வைக்கிற திரவங்கள். சோல் பட்டதும் படம் சுருங்கிக் கெட்டுப்போன மாதிரி இருக்கும், பயந்து கை வைக்காதீர்கள், காயும்போது தானாகப் படிந்துவிடும். கடைசியில் மேட் வார்னிஷ்.

இரும்புக்கால்:
காந்தம் பற்றி எனக்குக் கொஞ்சம் வேறு கருத்து. எல்லா இடத்திலும் வைக்கத் தேவையில்லை. கைகளுக்கும் முதுகு மேல் ஏவுகணைப் பெட்டிக்கும் போதும். 5 மி.மீ. நியோடைமியம் காந்தம், கைத்துளைப்பானால் முதலில் சின்ன ஓட்டை, அப்புறம் பெரியது. உடல் பக்கத்துக் காந்தங்கள் எல்லாவற்றிலும் ஒரே துருவம் வெளியே பார்க்க வேண்டும். ஒட்டுவதற்கு முன்பே மார்க்கரால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், என் முதல் நைட்டில் ஒரு கையின் காந்தத்தைத் தலைகீழாக ஒட்டிவிட்டுப் பெயர்த்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. பீரங்கி கனமாக இருப்பதால் காந்தம் ஒன்று மட்டும் வைத்தால் முனை தரையைப் பார்த்துச் சுழன்றுவிடும், பக்கத்தில் ஒரு சின்னக் கம்பித்துண்டும் அதற்கொரு ஓட்டையும் வையுங்கள், சுழலாது.

காந்தத்தைவிடக் கால்களுக்கு நேரம் கொடுங்கள் என்பேன். இந்தக் கிட் 2014இல் வந்தது, கால்கள் ஒரே நிலையில்தான் நிற்கும், இடுப்புக்கு மேலேதான் திருப்ப முடியும். அதனால் எல்லோருடைய நைட்டும் காவலுக்கு நிற்கிற மாதிரியே இருக்கிறது. கார்க் பட்டையை உடைத்துப் பாறையாக ஒட்டி ஒரு பாதத்தை அதன் மேல் ஏற்றி, கால்விரல்களைப் பாறைக்குத் தக்கபடி வெட்டி மடக்கி, உடலை எதிர்ப்பக்கம் திருப்புங்கள், நடக்க ஆரம்பித்துவிடும். பாதத்தில் துளை போட்டுக் கம்பி விட்டு பேஸோடு சேர்க்க மறக்க வேண்டாம். பாறை அடியில் ஒரு மரீன் தலைக்கவசத்தைப் போட்டுவையுங்கள், பக்கத்தில் மனித அளவு ஒன்று இருந்தால்தான் நைட் எவ்வளவு பெரியது என்பது உறைக்கும்.

பழையதூரிகை:
இரும்புக்கால் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அளவைக் காட்டுவதில் அழுக்குக்கும் பங்கு உண்டு. சேறும் தூசியும் பாதத்தில் நிறைய, முழங்காலில் கொஞ்சம், மேலே போகப் போகக் கிட்டத்தட்ட இல்லை. பெயிண்ட் உரிந்த இடங்களைக் கிழித்த ஸ்பாஞ்சால் அடர் பழுப்பில் ஒற்றி எடுங்கள், ரொம்பச் சின்னதாக. பெரிய உரிவு விழுந்தால் நைட் கைப்பொம்மையாகிவிடும். பீரங்கி வாயில் சூடு பட்ட நிறமும் கொடுக்கலாம்: முனையில் நீலம், அதற்குப் பின்னால் ஊதா, கடைசியில் வைக்கோல் பழுப்பு. நிஜ எஃகு சூடாகும்போதும் அதிகச் சூடு பட்ட இடம்தான் நீலமாகும்.

மஞ்சள்கவசம்:
ரொம்ப நன்றி. பாறை யோசனையைக் கேட்டதும் ஒட்டி வைத்திருந்த இடது பாதத்தை இன்றைக்கே பெயர்த்துவிட்டேன், நல்லவேளை பசை முழுதாக இறுகவில்லை. கிளப்பில் அடுத்த மாதம் ஆட்டம் இருக்கிறது, படை முழுக்கப் பெயிண்ட் ஆகியிருந்தால் 100 புள்ளியில் 10 அதற்கே கிடைக்கும், ஆனால் அதற்காக அவசரப்பட்டு மஞ்சளைக் கெடுக்கப் போவதில்லை. ஈரத்தட்டு, ஒரு சந்தேகம்: இளஞ்சிவப்பு மேல் மஞ்சள் அடித்த பிறகு விளிம்புகளை வெள்ளையில் தீற்றுவதா, வெளிர் மஞ்சளிலா?

ஈரத்தட்டு:
வெளிர் மஞ்சள்தான், தந்தம் நிறம் கொஞ்சம் கலந்து. சுத்த வெள்ளை சுண்ணாம்பு மாதிரி தெரியும். மேலே பார்த்த விளிம்புகளுக்கு மட்டும் போதும். முதல் தோள் முடிந்ததும் படம் போடுங்கள், மற்றவற்றை அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.