அன்னபூர்ணா சுற்றுப்பாதைக்கு எந்த வழிகாட்டி நூல், எந்த வரைபடம்?

ஈசூன் நடையன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் நானும் என் மைத்துனரும் நேப்பாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் நடக்கவிருக்கிறோம். பேசிசஹர் பக்கமிருந்து ஏறி, மனாங் வழியாக, 5,416 மீட்டர் உயரத்திலுள்ள தோரோங் லா கணவாயைக் கடந்து, முக்திநாத்தில் இறங்குவது எங்கள் திட்டம். முக்திநாத் 108 திவ்ய தேசங்களுள் ஒன்று என்பதால், என் அம்மா போக்கராவிலிருந்து ஜீப்பில் வந்து எங்களைக் கோயிலில் சந்திப்பதாகப் பேச்சு.

நூலகத்தில் நான் இரவல் எடுத்த வழிகாட்டி நூல் பழைய பதிப்பு. முதல் சில நாள்கள் முழுவதும் ஆற்றோரமாக நடக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அண்மையில் போய்வந்த அலுவலக நண்பரோ, மனாங்குக்குக் கீழேயுள்ள சாமே என்ற ஊர் வரை ஜீப்பிலேயே சென்றுவிட்டதாகச் சொல்கிறார். வரைபடங்களைப் பார்த்தால் 1:50,000 முதல் 1:125,000 வரை பல அளவுகளில் விற்கிறார்கள். எதை வாங்குவது என்று விளங்கவில்லை. "எல்லாம் கைப்பேசியில் இருக்கும்போது காகிதத்தை எதற்குச் சுமக்க வேண்டும்?" என்பது மைத்துனரின் கட்சி. போதாக்குறைக்கு, தனித்து மலைநடை செல்லும் வெளிநாட்டவர் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் நேப்பாளத்தில் விதி வந்திருக்கிறது. வழிகாட்டியே கூட வரும்போது நூலும் வரைபடமும் தேவைதானா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கிளமெண்டி வாசகி:

பழைய நூலைத் திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். அதில் எந்தப் பக்கத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்துக்கொண்டால் போதும். மனாங் பள்ளத்தாக்கு 1977இல் வெளிநாட்டவருக்குத் திறந்துவிடப்பட்டது. அதன்பின் வெகுகாலம் வரை எழுதப்பட்ட நூல்கள், மர்சியாங்டி ஆற்றை ஒட்டி மேலேறி, கணவாயைத் தாண்டி, காளி கண்டகிப் பள்ளத்தாக்கு வழியே இறங்கும் முழு வட்டத்தையும் கால்நடையாகவே வகுத்திருக்கும். இன்று கிழக்கே மனாங் வரையிலும் மேற்கே முக்திநாத் வரையிலும் வண்டிச்சாலை வந்துவிட்டது. ஆகவே பழைய பதிப்பில் உள்ள நாள்வாரித் திட்டம், விடுதிக் குறிப்புகள், கட்டணங்கள் ஆகியவற்றை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடலாம்.

ஆனால் ஊர்களின் உயரம் மாறவில்லை. சாலை தொடாத பகுதிகளின் நடைநேரமும் மாறவில்லை. உயரம் கூடக்கூட உடல் எப்படிப் பழகுகிறது என்பதைச் சொல்லும் அத்தியாயமோ, நூலின் விலை முழுவதற்கும் ஈடானது. 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்பது பொதுவிதி. நூல்கள் மனாங்கில் இரண்டு இரவுகள் தங்கச் சொல்வது ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்காக மட்டும் அன்று. ஜீப்பில் சாமேக்கு மேல் போகப் போக, இந்தக் கணக்கு உங்களை அறியாமலே குலைகிறது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். நடப்பவனுக்குப் பாதையே போடும் தடை, வண்டியில் போகிறவனுக்கு இல்லை.

புதிய நூல் வாங்குவதானால், அட்டையில் உள்ள ஆண்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். மறுஅச்சு வேறு, திருத்திய பதிப்பு வேறு. பிசாங்கிலிருந்து மனாங் செல்லும் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். சாலையைத் தவிர்த்துச் செல்லும் நடைபாதைகளுக்கு அங்கே சிவப்பும் வெள்ளையுமான பட்டைகளும், கிளைப்பாதைகளுக்கு நீலமும் வெள்ளையுமான பட்டைகளும் பாறைகளிலும் சுவர்களிலும் தீட்டப்பட்டிருக்கின்றன. இந்தக் குறிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத நூல், சாலை வந்தபின் அந்தப் பக்கம் போகாத ஒருவருடையது என்று துணிந்து சொல்லலாம்.

இன்னொன்று. இமயமலை நூல்கள் தூரத்தைப் பெரும்பாலும் மணிக்கணக்கில்தான் தரும். அந்த மணிகளில் தேநீருக்கும் மூச்சு வாங்குவதற்கும் இடமிருக்காது. முதல் நாள் நடையிலேயே நூலின் நேரத்தையும் உங்கள் நேரத்தையும் ஒப்பிட்டு, ஒன்றுக்கு ஒன்றரையா, ஒன்றேகாலா என்று கண்டுகொண்டால், பிறகு வரும் நாள்களை அந்த விகிதத்தைக் கொண்டே கணித்துவிடலாம்.

வடக்குமுள்:

வரைபடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். தேசிய சேவையில் வரைபடம் வாசிக்கக் கற்றவர்கள் நம்மிடையே ஏராளம். ஆனால் நம் சிங்கப்பூர்த் தீவில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளுக்கு வேலை மிகக் குறைவு. புக்கிட் தீமாவின் உச்சியே ஏறக்குறைய 163 மீட்டர்தான். அதனால் நம்மவர்கள் வரைபடத்தில் தூரத்தைத்தான் முதலில் அளக்கிறார்கள், ஏற்றத்தைப் பார்ப்பதில்லை.

1:50,000 அளவில் ஒரு கிலோமீட்டர் இரண்டு சென்டிமீட்டராகவும், 1:100,000 அளவில் ஒரு சென்டிமீட்டராகவும், 1:125,000 அளவில் எட்டு மில்லிமீட்டராகவும் தெரியும். மேல் பிசாங்கிலிருந்து க்யாரு செல்லும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பைன் காட்டுக்குள் ஏறக்குறைய சமமாகப் போகும் பாதை, ஒரு பாலத்தைத் தாண்டியதும் சுமார் 400 மீட்டர் உயரத்தை வளைந்து வளைந்து ஏறுகிறது. கடல்மட்டத்திலிருந்து புக்கிட் தீமாவை இரண்டு முறை ஏறினாலும் அதற்கு எட்டாது; அதுவும் 3,300 மீட்டருக்கு மேலுள்ள மெல்லிய காற்றில். சிறிய அளவு வரைபடத்தில் இந்த ஏற்றம் முழுவதும் உங்கள் பெருவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். அதன் வளைவுகளில் பாதியை வரைந்திருக்கவே மாட்டார்கள். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பழுப்புத் திட்டாகத் தெரியும் இடத்தைக் கண்டால், அங்கே கிலோமீட்டரை மறந்து, எத்தனை கோடுகளைக் கடக்கிறோம் என்பதை எண்ணுங்கள். கோட்டுக்குக் கோடு எத்தனை மீட்டர் என்பது தாளின் ஓரத்தில் அச்சாகியிருக்கும். அதை முதலில் பாருங்கள். ஒவ்வொரு வெளியீட்டாளருக்கும் அது வேறுபடும்.

பின்லாந்தின் உதவியோடு நேப்பாள நில அளவைத் துறை தயாரித்த 1:50,000 தாள்களில் நிலத்தின் வடிவம் மிக நேர்த்தியாக இருக்கும். ஆனால் 1990களில் தொடங்கிய பணி அது. பின்னர் வந்த சாலைகள் அதில் இல்லை, முழுச் சுற்றுக்கும் பல தாள்கள் வாங்க வேண்டியிருக்கும். வழிகாட்டியோடு நடக்கும் உங்களுக்கு 1:100,000 அளவில் ஒரே தாள் போதும். காட்மாண்டுவின் தாமேல் கடைகளில் அது எளிதாகக் கிடைக்கும். எத்தனை வரைபடங்களைப் பரப்பினாலும் ஒரே சோதனை செய்யுங்கள்: மனாங் வரை வண்டிச்சாலை வரையப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால், அட்டையில் எந்த ஆண்டு போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது பழைய சரக்கு.

வரைபடத்தின் பெரிய குறை, எல்லாப் பாதையையும் ஒரே மாதிரிக் காட்டுவது. 4,919 மீட்டரிலுள்ள திலிச்சோ ஏரியிலிருந்து மேற்கே மெசோகாந்தோ கணவாய் வழியாக ஜொம்சொம் வரை ஒரு புள்ளிக்கோடு போகும். தோரோங் லாவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லையே என்று ஆசை காட்டும் கோடு அது. அங்கே விடுதி கிடையாது. கூடாரமும் பனியில் நடந்த பழக்கமும் உள்ள குழுவுக்கான பாதை என்பதை நூல்தான் சொல்லும்.

உங்கள் மைத்துனர் சொல்வதும் தவறன்று. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத் தரவைப் பயன்படுத்தும் செயலிகளில் இப்பகுதியை இங்கிருந்தே பதிவிறக்கிக்கொண்டால், இணைப்பே இல்லாமல் நீங்கள் நிற்கும் புள்ளியைக் காட்டும். எந்தக் காகிதமும் அதைச் செய்யாது. ஆனால் கடுங்குளிரில் மின்கலம் மளமளவென்று இறங்கும். பகலில் சட்டையின் உள்பையிலும் இரவில் உறக்கப்பைக்குள்ளும் கைப்பேசியை வைத்திருங்கள். ஆறு அங்குலத் திரையில் இரண்டு பள்ளத்தாக்குகளை ஒருசேரப் பார்க்க முடியாது என்பதால் காகிதத்தையும் விடாதீர்கள். கூடவே ஒரு திசைகாட்டியும் இருக்கட்டும்.

பைய நட:

வடக்குமுள் ஐயா சொன்னவற்றில் திசைகாட்டியை மட்டும் நான் வலியுறுத்த மாட்டேன். அக்டோபரில் அந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் நிறைய, பள்ளத்தாக்கும் ஒன்றுதான். திசை தவறுவது அரிது. அங்கே தவறுவது நேரமும் வானிலையும். 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் எச்சம் இரண்டே நாளில் அன்னபூர்ணா, தவளகிரிப் பகுதிகளில் கடும் பனிப்பொழிவாக இறங்கியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் தோரோங் லாவைக் கடந்து முக்திநாத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தவர்கள். கண்ணெதிரே எல்லாம் வெண்மையாகிவிட்ட பிறகு வரைபடத்தை விரித்துப் பயனில்லை. அதை விரிக்க வேண்டிய இடம் மனாங்கின் சாப்பாட்டு மேசை.

வழிகாட்டி இருக்கும்போது நூல் எதற்கு என்ற கேள்விக்கு என் விடையும் அதுதான். வரைபடத்தை ஒருமுறையாவது படித்தவர் வழிகாட்டியிடம், "நாளை கணவாயின் அடியிலுள்ள தோரோங் பெடியில் தங்குகிறோமா, அதற்கு மேலுள்ள முகாமிலா? அங்கே தங்கினால் ஒரே நாளில் எவ்வளவு உயரம் கூடுகிறது? கணவாயில் காற்று எழுவதற்குள் கடக்க எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?" என்று கேட்பார். படிக்காதவர், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று மட்டுமே கேட்பார். நல்ல வழிகாட்டி முதல் வகைக் கேள்விகளை விரும்புவார். பயண முகவர் குறித்துக் கொடுத்த நாள் கணக்கை மாற்றுவதற்கு அவருக்கும் ஒரு துணை கிடைத்தது போலாகும்.

பாதையை ஏன் மனாங் பக்கமிருந்தே தொடங்குகிறார்கள் என்பதும் வரைபடத்தைப் பார்த்தாலே விளங்கும். முக்திநாத்திலிருந்து ஏறினால் ஏறக்குறைய 1,600 மீட்டர் ஏற்றம் ஒரே மூச்சில் வரும். இடையில் தங்கிப் பழகும் ஊர்கள் இல்லை.

ஈசூன் நடையன்:

மூவருக்கும் மிக்க நன்றி. 1:100,000 தாள் ஒன்றும் திருத்திய பதிப்பு நூல் ஒன்றும் என்று முடிவு செய்துவிட்டோம். வடக்குமுள் ஐயாவின் சாலைச் சோதனையை நூலகப் புத்தகத்தின் இணைப்பு வரைபடத்தில் செய்து பார்த்தேன். பேசிசஹருக்கு மேல் கோவேறு கழுதைப் பாதை மட்டுமே இருக்கிறது. அம்மாவின் பயணத்தைப் பற்றி இந்த நூல்கள் எதிலும் அதிகம் இல்லை. அதைப் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா?

கிளமெண்டி வாசகி:

மலைநடை நூல்கள் ஜீப்பில் வருபவரைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் உயரக் கணக்கு அவருக்கும் பொருந்தும். உண்மையில் உங்களைவிட அவருக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும். போக்கரா சுமார் 800 மீட்டர், கோயிலோ 3,700 மீட்டருக்கு மேல். நீங்கள் பல நாள் எடுத்து ஏறும் உயரத்தை அவர் ஒன்றிரண்டு நாளில் எட்டிவிடுவார். ஆகவே கிளம்புமுன் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வழியிலுள்ள ஜொம்சொம்மிலோ காக்பேனியிலோ ஓரிரண்டு இரவுகள் தங்கட்டும். இரண்டும் 2,700, 2,800 மீட்டர் அளவில்தான் இருக்கின்றன. அங்கிருந்து காலையில் கோயிலுக்கு ஏறி, வழிபாட்டை முடித்துக்கொண்டு, இரவுக்கு மீண்டும் காக்பேனிக்கே இறங்கிவிடுவது நல்லது. காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலுக்குப் பிறகு காற்று புழுதியை வாரி அடிக்கும் என்பதால் காலைப் பயணமே வசதி. கோயிலிலுள்ள 108 நீர்த்தாரைகளில் நீராட வேண்டும் என்று அம்மா விரும்பினால், அது பனி உருகிய நீர் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தலையில் தெளித்துக்கொள்பவர்களும் உண்டு.

சந்திக்கும் இடத்தை வரைபடத்தில் குறிக்கும்போது முக்திநாத் என்று மட்டும் குறிக்காதீர்கள். விடுதிகளும் ஜீப் நிற்கும் இடமும் ராணிபௌவா என்ற ஊரில் இருக்கின்றன. கோயில் அதற்கு மேலே, நடையும் படிகளுமாகச் சற்றுத் தொலைவில். ஏற முடியாதவர்களுக்கு அங்கே குதிரை கிடைக்கும். கணவாயிலிருந்து இறங்கும் நீங்கள் முதலில் கோயிலைத்தான் அடைவீர்கள், அம்மா முதலில் ராணிபௌவாவை அடைவார். இருவரும் எங்கே காத்திருப்பது என்பதை இங்கேயே பேசி வையுங்கள்.