டோக்கியோவில் பூனைக் கோயில், எந்தக் கோயிலுக்குப் போவது?

கேள்வி (காவேரிப்பட்டணம்): அம்மாவை டோக்கியோ கூட்டிப்போகிறேன். பூனை என்றால் அவருக்கு உயிர். அசகுசா பக்கம் தங்குகிறோம், எந்தக் கோயில் நல்லது?

பதில் (ஓசூர்): இமாடோ கோயில்தான், அது ஷின்டோ என்ற ஜப்பானின் பாரம்பரிய மதத்துக் கோயில். அசகுசா ஸ்டேஷனிலிருந்து கால் மணி நேர நடை, சின்ன இடம்தான், ஆனால் சன்னதியில் ஜோடியாகக் கை தூக்கி உட்கார்ந்திருக்கும் பெரிய பூனைச் சிலைகளைப் பார்த்தால் அம்மாவுக்கு மனசு நிறைந்துவிடும். இசனாகி, இசனாமி என்ற தம்பதி தெய்வங்கள் இருப்பதால் வரன் அமைய வேண்டியும் நிறையப் பேர் வருகிறார்கள்.

பதில் (தருமபுரி): டோக்கியோவிலேயே செதகயா பகுதியில் இருக்கும் கோதோகுஜியையும் விடாதீங்க அண்ணா, அது பௌத்தக் கோயில். மியானோசகா ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம். வேண்டுதல் பலித்தவர்கள் கொண்டுவந்து வைத்த வெள்ளைப் பூனை பொம்மைகள் வரிசை வரிசையாக நிற்கும். எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது.

கேள்வி கேட்டவர்: சரி, இரண்டுக்கும் போகிறோம். அம்மாவுக்கு முட்டி வலி, இமாடோவுக்கு டாக்சி பிடித்துக்கொள்கிறேன். ரொம்ப நன்றி.